மேலே போகும் சின்லோன் பந்தை யார் தள்ளுகிறார்கள்?

கேள்வி (ரங்கூன், ஞாயிறு வகுப்பு ஆசிரியை):

வணக்கம். கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே கொஞ்சம் அறிவியலும் சொல்லித் தருகிறேன். போன வாரம் விசையும் இயக்கமும். தள்ளுவதும் இழுப்பதும் விசை என்றதும் ஒரு பையன் எழுந்தான்: "டீச்சர், சின்லோன் பந்தை உதைக்கிறோம். கால் விலகின பிறகும் மேலே போகுதே, அதை யார் தள்ளுறா?" (சின்லோன் என்பது இங்கே காலால் உதைத்து விளையாடும் பிரம்புப் பந்து.) பக்கத்தில் இருந்த பெண், "காலோட விசை பந்துக்குள்ள போயிடும், அது தீர்ந்ததும் கீழே விழும்" என்றாள். வகுப்பே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு இதைச் சூத்திரம் இல்லாமல், அவர்கள் மனதில் பதியும்படி எப்படி விளக்கலாம்?

பதில் (மோல்மேன், ஓய்வு பெற்ற ஆசிரியர்):

டீச்சரம்மா, அந்தப் பெண்ணை முதலில் பாராட்டுங்கள். நியூட்டனின் நூல் 1687இல் வருவதற்கு முன்னால் பெரிய அறிஞர்கள் பலரும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணினார்கள்.

கால் தள்ளுவது பந்தைத் தொட்டிருக்கும் அந்தக் கண நேரம் மட்டும்தான். விலகியதும் காலின் விசை முடிந்தது. பந்திடம் இருப்பது வேகம். ஓடுகிற பொருள் தொடர்ந்து ஓட விசை தேவையில்லை. அதன் வேகத்தையோ திசையையோ மாற்றத்தான் விசை வேண்டும். பந்தை மாற்றுவது பூமியின் இழுப்பு.

பலகையில் பந்தை மூன்று இடங்களில் வரையுங்கள்: ஏறும்போது, உச்சியில், இறங்கும்போது. பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அம்பு போடச் சொல்லுங்கள். மூன்றிலும் கீழ்நோக்கி, ஒரே நீளம். உச்சியில் பந்து ஒரு கணம் நிற்பதால் அங்கே விசையே இல்லை என்று பலர் சாதிப்பார்கள். "அப்படியானால் பந்து அங்கேயே தொங்கவேண்டுமே?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அந்த வாக்குவாதத்துக்கு நேரம் கொடுங்கள், பாடமே அதில்தான் இருக்கிறது.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு கணக்கும் தரலாம். மேலே போகும் பந்தின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர் குறையும். நொடிக்கு 4.9 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அரை நொடியில் உச்சி, உயரம் 1.2 மீட்டருக்குச் சற்று மேல்.

பதில் (மாண்டலே, ஒரு பிள்ளையின் அப்பா):

ஐயா, ஒரு சந்தேகம். தரையில் உருட்டிவிட்ட கோலி யாரும் தொடாமலே நின்றுவிடுகிறதே? இதை என் மகன் கட்டாயம் கேட்பான்.

பதில் (மோல்மேன்):

தரை தொடுகிறதே தம்பி! உராய்வும் ஒரு விசைதான். ஸ்கேலை ஒரு புத்தகத்தின் மேல் சாய்த்து, அதன் பள்ளத்தில் கோலியை விடுங்கள். எப்போதும் ஒரே உயரத்திலிருந்து விட்டால், கீழே வரும்போது வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். கையால் உருட்டினால் தள்ளு ஒவ்வொரு முறையும் மாறும், ஒப்பிடவே முடியாது. பிறகு கோரைப்பாய், சிமென்ட் தரை, வழவழப்பான ஓடு பதித்த தரை என்று மாற்றி, கோலி எவ்வளவு தூரம் ஓடியது என்று மகனையே அளந்து எழுதச் சொல்லுங்கள். பாயில் சீக்கிரம் நிற்கும், ஓட்டில் தூரம் போகும். உராய்வு அறவே இல்லாவிட்டால்? 1977இல் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் அதைத்தான் காட்டுகிறது. தள்ள எஞ்சின் எதுவும் ஓடாமலே நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிறது.

பதில் (தட்டோன், கல்லூரி மாணவி):

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன் அக்கா. சின்லோன் பிரம்பில் பின்னியது, உள்ளே காலி, எடை குறைவு. அதனால் காற்றின் தடையும் அதன்மேல் கொஞ்சம் வேலை செய்யும்: ஏறும்போது கீழ்நோக்கி, இறங்கும்போது மேல்நோக்கி. ஆறாம் வகுப்புக்கு இதைச் சின்ன இரண்டாவது அம்பாக வரையலாம். ஐந்தாம் வகுப்புக்கு இப்போதைக்கு ஒரே அம்பு போதும்.