இரண்டு சிபியு போட்ட கணினியில் ‘மெமரி போதவில்லை’: நீங்கள் பார்த்த கேஸ்களைப் பகிருங்கள்

திருவொற்றியூரிலிருந்து:

எங்கள் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு. கேட்டில் லாரி உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் பதிவு போடும் மென்பொருள், பின்னால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், சென்ட்ஓஎஸ் 6 என்ற லினக்ஸ். சர்வரில் இரண்டு ஜியான் சிபியு, 64 ஜிபி ராம். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். சாயங்காலம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டும் நேரம் பார்த்துத் திரை அப்படியே நின்றுவிடும். கேட்டில் இருக்கும் பையன் நோட்டை எடுத்துக் கையால் எழுத ஆரம்பிப்பான், வெளியே ஹாரன் காதைப் பிளக்கும். எனக்கு முன் வந்து பார்த்தவர், “ராம் பத்தவில்லை, இன்னும் 64 போடுங்கள்” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

‘ஃப்ரீ’ கமாண்டு போட்டால் 12 ஜிபி காலியாக இருக்கிறது. ஆனால் ஸ்வாப் (ராமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவைக்கும் இடம்) ஏறிக்கொண்டே போகிறது. காலி இடம் இருக்கும்போது டிஸ்க்கில் ஏன் எழுத வேண்டும்? இந்த இடத்தில் நின்று யோசிக்காமல் ராம் வாங்கச் சொல்வதுதான் எனக்கு ஆற்றாமை. சின்ன நிறுவனத்துக்கு அது சும்மா வரும் காசு இல்லை.

இரண்டு சாக்கெட் போர்டில் ராம் ஒரே குவியலாக இருப்பதில்லை. ஒவ்வொரு சிபியுவுக்கும் பக்கத்தில் உள்ள ஸ்லாட்டுகள் அதனுடையவை. மற்ற சிபியுவின் ராமைத் தொட வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவில் உள்ள இணைப்பைத் தாண்டிப் போக வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். இந்த அமைப்புக்குத்தான் நியூமா என்று பெயர், ஒரு சிபியுவும் அதன் ராமும் சேர்ந்தது ஒரு நோடு. ஒரு புரோகிராம் எந்த சிபியுவில் ஓடுகிறதோ அதன் பக்கத்து ராமிலேயே லினக்ஸ் இடம் கொடுக்கப் பார்க்கும். சாதாரண வேலைகளுக்கு நல்ல ஏற்பாடு. இங்கேயோ டேட்டாபேஸ் என்ற ஒரே புரோசஸ் பஃபர் பூலுக்காக (டேட்டாவை ராமிலேயே வைத்துக்கொள்ளும் இடம்) 44 ஜிபி எடுக்கிறது. முதல் நோடின் 32 ஜிபி அதிலேயே தீர்ந்துபோகிறது, மிச்சம் இரண்டாவது நோடுக்குப் போகிறது. அப்புறம் முதல் நோடில் வேறு எதற்காவது இடம் வேண்டியிருந்தால், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த நோடில் இருப்பதையே ஸ்வாப்புக்குத் தள்ளுகிறது.

‘நியூமாசிடிஎல் --ஹார்டுவேர்’ என்று கொடுத்ததும் விஷயம் வெட்டவெளிச்சமாகிவிட்டது. நோடு 0-ல் காலி சுமார் 200 எம்பி, நோடு 1-ல் கிட்டத்தட்ட 12 ஜிபி. டேட்டாபேஸை ‘நியூமாசிடிஎல் --இன்டர்லீவ்=ஆல்’ வழியாகத் தொடங்க வைத்தேன். அப்படித் தொடங்கினால் இரண்டு நோடிலும் மாறி மாறி இடம் எடுக்கும். மைஎஸ்க்யூஎல் 5.7 வைத்திருப்பவர்களுக்கு ‘இன்னோடிபி நியூமா இன்டர்லீவ்’ என்ற செட்டிங்கே உண்டு. ‘ஜோன் ரிக்ளெய்ம் மோடு’ என்ற கெர்னல் செட்டிங் 1 என்று இருந்தது (அப்படி இருந்தால் அடுத்த நோடுக்குப் போகும் முன் இதே நோடில் இடம் காலி செய்யப் பார்க்கும்), அதையும் 0 ஆக்கினேன். 2014-ல் வந்த 3.16 கெர்னலிலிருந்து அது 0 ஆகவே வருகிறது, பழையவற்றில் நாமே பார்க்க வேண்டும். அன்று சாயங்காலம் லாரி வரிசை வழக்கம்போல நின்றது, ஸ்வாப் அசையவில்லை.

பெரம்பூரிலிருந்து:

அண்ணா, என்னுடைய கேஸ் ராமைப் பற்றியதே இல்லை, எழுதிய கோடில் இருந்த கோளாறு. சி++ சர்வீஸ் ஒன்று. டெவலப்பர் மெஷினில், ஒரு கோர் மட்டும் கொடுத்த விர்ச்சுவல் மெஷினில், மாதக்கணக்கில் விழவே இல்லை. 16 கோர் சர்வரில் ஏற்றியதும் ‘டபுள் ஃப்ரீ ஆர் கரப்ஷன்’ (ஒரே மெமரியை இரண்டு முறை விடுவித்தது, அல்லது மெமரி சிதைந்தது) என்று செத்துவிழும். ராம் கெட்டுப்போய்விட்டது என்று ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் விடிய விடிய ஓட்டினார்கள், ஒரு பிழையும் இல்லை.

‘டாஸ்க்செட் -சி 0’ போட்டு சர்வீஸை ஒரே கோரில் கட்டிப்போட்டேன். விழுவது நின்றது. ராம் பழுது என்றால் ஒரு கோரில் ஓடினாலும் தலைகாட்டியிருக்கும், ஆகவே த்ரெட்டுகள் (ஒரே புரோகிராமுக்குள் சேர்ந்து ஓடும் வேலைகள்) மோதுகின்றன என்ற சந்தேகம் வலுத்தது. ‘-எஃப்சானிடைஸ்=த்ரெட்’ வைத்து மறுபடி பில்டு செய்ததில் த்ரெட் மோதலைப் பிடிக்கும் கருவியான த்ரெட்சானிடைசர் நேராக அந்த வரியைக் காட்டியது. ஒரு பஃபரை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணும் கவுண்டர். ஒரு வரியில் ஒன்றைக் கழிக்கிறார்கள், அடுத்த வரியில் ‘பூஜ்ஜியமா?’ என்று பார்த்து ஃப்ரீ செய்கிறார்கள். கவுண்டர் 2-ல் இருக்கும்போது இரண்டு த்ரெட் சேர்ந்து வந்தால், முதலாவது கழித்து 1, இரண்டாவது கழித்து 0. அதன் பிறகு இரண்டுமே படித்துப் பார்க்கின்றன, இரண்டுக்கும் தெரிவது 0. ஒரே பஃபரை இரண்டு பேரும் ஃப்ரீ செய்கிறார்கள்.

ஒரு கோரிலும் இது நடக்கலாம். ஆனால் சரியாக அந்த இரண்டு வரிக்கு நடுவில் த்ரெட் மாற வேண்டும், அது அபூர்வம். பல கோர்களில் இரண்டும் நிஜமாகவே ஒரே நேரத்தில் ஓடுவதால் தினசரி நடக்கிறது. கவுண்டரை அட்டாமிக் (நடுவில் வேறு த்ரெட் புக முடியாதது) ஆக்கி, கழித்தபோது திரும்பி வந்த மதிப்பையே வைத்து முடிவெடுக்கும்படி மாற்றினோம். சரியாகிவிட்டது.

காசிமேட்டிலிருந்து:

பெரம்பூர் தம்பி சொன்னதற்கு நேர் எதிர். இங்கே எல்லோரும் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள், கோளாறு ஸ்லாட்டில். கடலை ஒட்டிய கட்டிடம், ஜன்னல் திறந்தே இருக்கும், உப்புக்காற்றில் ராமின் கான்டாக்ட் மங்கிப்போயிருந்தது. கெர்னல் லாகில் ஈடாக் (ராம் பிழைகளைக் கவனித்துப் பதியும் பகுதி) வரிகள், சரிசெய்த பிழைகள் என்று ஒரே ஸ்லாட்டின் பெயரில் வந்துகொண்டிருந்தன. ஈசிசி ராம் ஒரு பிட் தவறைத் தானே திருத்திவிடும், அதனால் யாரும் அந்த லாகைத் திறக்கவில்லை.

அந்த ராமை அடுத்த சிபியுவின் ஸ்லாட்டுக்கு மாற்றிப் போடுங்கள். பிழை கூடவே போனால் ராம் பழுது. பழைய இடத்திலேயே நின்றால் ஸ்லாட், அல்லது அந்த சிபியு. மெமரி கன்ட்ரோலர் இப்போதெல்லாம் சிபியுவுக்குள்ளேயே இருப்பதால் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலும் இதே கதைதான். எனக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டு ஸ்லாட்டையும் கான்டாக்ட்டையும் துடைத்ததிலேயே தீர்ந்தது.

ஒரு சந்தேகம், திருவொற்றியூர் அண்ணா: இன்டர்லீவ் போட்டால் வேகம் குறையாதா?

திருவொற்றியூரிலிருந்து:

குறையும். பாதி நேரம் தூரத்து ராமுக்குப் போக வேண்டியிருக்கும். உங்கள் புரோகிராம் ஒரு நோடின் ராமுக்குள் அடங்குமானால் இன்டர்லீவ் வேண்டாம், ‘--சிபியுநோட்பைண்ட்’, ‘--மெம்பைண்ட்’ இரண்டையும் கொடுத்து ஒரே பக்கம் கட்டிவிடுங்கள், அதுதான் வேகம். அடங்காத பெரிய டேட்டாபேஸுக்கு மட்டும் இன்டர்லீவ். தூரத்து ராம் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் ஸ்வாப்புக்காக டிஸ்க்குக்குப் போவதோடு ஒப்பிடவே முடியாது.