15 எச்.பி. அவுட்போர்டு: மேல் சிலிண்டர் சீஸ் ஆனால் ஹோனிங் போதுமா, போரிங் அடிக்கணுமா?

பாய்மரம்:
யமஹா 15 எச்.பி. அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் எஞ்சின்), டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், 246 சிசி. ஓட்டத்தில் மேல் சிலிண்டர் பிடித்துவிட்டது. பிளாக்கைப் பிரித்தாயிற்று. எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் இழுத்திருக்கிறது, ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக் கிடக்கிறது. கீழ் சிலிண்டர் சுத்தம். ஹோன் பண்ணி (சுவரைக் கல்லால் லேசாகத் தேய்த்து) ஸ்டாண்டர்டு பிஸ்டனே போடலாமா, 0.25 மி.மீ. போர் அடிக்கணுமா (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடணுமா)?

உப்புக்காற்று:
அவசரப்பட்டு லேத்துக்குத் தூக்காதீர்கள். சுவரில் கோடு கோடாகத் தெரிவது பெரும்பாலும் பிஸ்டன் அலுமினியம்; ஸ்லீவ் (சிலிண்டரின் உள் உறை) வார்ப்பிரும்பு. கழிவறை ஆசிடைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அந்தக் கோட்டில் மட்டும் தடவுங்கள். அலுமினியம் இருக்கும்வரை பொங்கும். பொங்குவது நின்றால் மிச்சம் இரும்புதான். துடைத்து, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, உடனே எண்ணெய் பூசுங்கள். விட்டால் கண்ணெதிரே துருப்பிடிக்கும். போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள வாயுத் துளை) ஓரத்தில் சொட்டவே கூடாது, பிளாக்கும் அலுமினியம், அரித்துவிடும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பிறகு நகத்தால் குறுக்கே இழுத்துப் பாருங்கள். தடுக்கவில்லையா? லேசாக ஹோன், புது பிஸ்டன், ரிங், முடிந்தது.

போர்கேஜ்:
ஆசிட் வேலை சரி, அதில் சண்டை இல்லை. நகத்தை நம்பச் சொல்வதுதான் தப்பு. நகம் கீறலைச் சொல்லும், சிலிண்டர் முட்டையாகியிருப்பதைச் சொல்லாது. மேல், நடு, கீழ் மூன்று உயரம், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்கும், ஆக ஆறு அளவு எடுங்கள். டேப்பர் (மேலுக்கும் கீழுக்கும் உள்ள விட்ட வித்தியாசம்) 0.08 மி.மீ. தாண்டினாலோ, வட்டம் 0.05 கெட்டிருந்தாலோ போரிங்தான். தேய்ந்த சிலிண்டரை மேலும் ஹோன் பண்ணி 56 மி.மீ. பிஸ்டனைப் போட்டால் அது உள்ளே ஆடி அடிக்கும். நாளடைவில் பிஸ்டனின் கீழ்ப்பகுதியான ஸ்கர்ட் விரிசல் விடும்.

உப்புக்காற்று:
அளக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 என்று ரெண்டே படிதான். தேவையில்லாமல் ஒரு படியைத் தின்றால் அடுத்த சீஸுக்கு என்ன செய்வார்? அதோடு பட்டறைக்காரர் ரெண்டையும் சேர்த்துப் போர் அடி என்பார். கீழ் சிலிண்டர் என்ன பாவம் செய்தது?

போர்கேஜ்:
அதில் உங்களோடு நிற்கிறேன். ஒன்றை மட்டும் அடிக்கலாம். 56இல் இருந்து 56.25 ஆனால் கூடுவது சுமார் 1.1 சிசி, எஞ்சின் ஓட்டத்தில் தெரியவே தெரியாது. பிஸ்டனைக் கையில் வாங்கி, அதை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே போர் அடிக்கச் சொல்லுங்கள். அடித்ததும் போர்ட் ஓரங்களின் கூர்மையை மழுக்காமல் வாங்காதீர்கள். கூர் இருந்தால் புது ரிங் அதில் மாட்டி ஒடியும்.

சுழல்விசிறி:
ரெண்டு பேரும் சிலிண்டரிலேயே நிற்கிறீர்கள். ஏன் மேல் சிலிண்டர் மட்டும்? இந்த எஞ்சினில் கார்புரேட்டர் ஒன்றுதான். மெயின் ஜெட் அடைத்திருந்தாலோ பெட்ரோலில் ஆயில் குறைந்திருந்தாலோ ரெண்டு பிஸ்டனும் இழுத்திருக்க வேண்டும். எனவே சந்தேகம் ரெண்டு இடத்தில்: கிராங்க் தண்டின் மேல் சீல் (தண்டைச் சுற்றிய ரப்பர் வளையம்) காற்று இழுக்கிறது, இல்லையேல் தண்ணீர் போதவில்லை. பம்பு தளர்ந்தால் முதலில் வறள்வது மேல் பக்கம். இம்பெல்லரில் (பம்பின் ரப்பர் இறக்கைச் சக்கரம்) இறக்கை எண்ணிக்கை குறைந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுங்கள்; தண்ணீர்க் குழாயில் மாட்டியிருக்கும். தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பாருங்கள். இதைப் பார்க்காமல் 0.25 போட்டாலும் ஸ்டாண்டர்டு போட்டாலும் மறுபடி பிடிக்கும்.

உப்புக்காற்று:
சீல் என்றால் ஐடில் ஏறி இறங்கியிருக்குமே?

சுழல்விசிறி:
பெரிய கசிவுக்கு அப்படி. சின்னக் கசிவு ஐடிலில் காட்டிக்கொடுக்காமலும் போகும். ஃப்ளைவீலின் அடிப்பக்கம் பாருங்கள். ஆயில் ஈரம் விசிறியடித்தாற்போல் படிந்திருந்தால் சீல் போயிற்று. அங்கே காய்ந்திருந்து, ஹெட் பக்கம் பெயின்ட் கருகியிருந்தால் தண்ணீர்ப் பஞ்சம். எப்படியானாலும் பிரித்தபின் ரெண்டு சீலும் புதிது போடுங்கள்.

பாய்மரம்:
அடிப்பக்கம் காய்ந்திருக்கிறது. இம்பெல்லரில் ஓர் இறக்கை பாதி இல்லை. சிலிண்டரில் டேப்பர் 0.05, வட்டம் 0.03.

போர்கேஜ்:
அப்படியானால் நான் வழி விடுகிறேன், ஸ்டாண்டர்டு போதும். ஹோன் பண்ணியதும் மறுபடி அளந்து, பிஸ்டன் இடைவெளி மேனுவலுக்குள் வருகிறதா உறுதிசெய்யுங்கள். ஆனால் கிராங்கை விடாதீர்கள். உரிந்த அலுமினியத் தூள் ஊசி பேரிங்கில் புகுந்திருக்கும். மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவி, ஆயில் விட்டு, மெதுவாகச் சுற்றுங்கள். மணல் அரைவதுபோல் விரலுக்குப் பட்டால் பேரிங் மாற்ற வேண்டும். அது அழுத்திக் கோத்த கிராங்க். பிரஸ்ஸும் டயல் கேஜும் இல்லாத பட்டறையில் கொடுத்தால் நேர் கெடும்.

உப்புக்காற்று:
பிஸ்டன் மேல் இருக்கும் ‘அப்’ குறி ஃப்ளைவீல் பக்கம். ரிங் வாய் (ரிங்கின் வெட்டு முனைகள் சேரும் இடம்) பள்ளத்து முளையில் உட்கார வேண்டும். பழைய சர்க்லிப் (பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் கம்பி வளையம்) மறுபடி வேண்டாம். முதல் 10 மணி நேரம் லிட்டருக்கு 40 மில்லி ஆயில், அதாவது 25:1. முதல் 10 நிமிடம் குறைந்த வேகம், முதல் ஒரு மணி நேரத்தில் மீதி 50 நிமிடம், பாதி த்ராட்டிலுக்குள்.

சுழல்விசிறி:
குழாயில் அந்தப் பாதி இறக்கை கிடைத்ததா என்று முதலில் எழுதுங்கள். அது கையில் வராமல் ஹெட்டை மூட வேண்டாம்.