உதவி: சிங்கப்பூர் – நியூயார்க் உண்மையில் எத்தனை மணி நேரம்?

தேக்கா_மணி: அவசரம். அம்மா சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகிறார், தனியாக. டிக்கெட்டில் இரவு 11.35 புறப்பாடு, மறுநாள் காலை 5.30 வருகை என்று போட்டிருக்கிறது. ஆறு மணி நேரமாக இருக்க முடியாது, தேடினால் தூரமே 15,300 கி.மீ. என்கிறது. காலை 8, இரவு 8 என்று தவறாமல் பி.பி. மாத்திரை போடுகிறவர், வழியில் எத்தனை வேளை வரும்?

ஜெர்சி_அக்கா: நேரடி விமானமா, நடுவில் இறங்கி மாறுவதா? எந்த விமான நிலையம், ஜே.எஃப்.கே.யா, நியூவார்க்கா? எந்தத் தேதி? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் எப்படித் தம்பி?

கணக்கு_வாத்தியார்: இதற்குப் பதில் எழுதி எழுதியே எனக்குக் கை வலித்துவிட்டது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். நியூயார்க் 12 மணி நேரம் பின்னால். கடிகாரத்தில் தெரியும் 5 மணி 55 நிமிடத்தோடு 12 மணியைக் கூட்டுங்கள், 17 மணி 55 நிமிடம். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

ஜன்னலோரம்: எந்தப் பக்கமாகப் போகிறது என்று பாருங்கள். பூமி கிழக்கே சுற்றுகிறது, அதனால் மேற்கே பறந்தால் ஊர் தானாக நம்மை நோக்கி வரும், சீக்கிரம் போய்விடலாம்.

ஜெர்சி_அக்கா: ஓடுகிற பஸ்ஸுக்குள் எம்பிக் குதித்தால் பின் சீட்டிலா போய் விழுகிறீர்கள்? காற்றும் பூமியோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மேலே மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற ஜெட் காற்று.

உருண்டை_பூமி: மகனுடைய உலக உருண்டையில் இப்போதுதான் நூல் பிடித்துப் பார்த்தேன், நூல் வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது! இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 178 பாகை, அதாவது துருவத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49.4. மொத்தம் 138, பாகைக்கு 111 கி.மீ. என்றால் அந்த 15,300 வந்துவிடுகிறது.

ஜன்னலோரம்: அப்படியானால் பசிபிக் மேலே போகிறது என்று என் மச்சான் சொன்னது பொய்யா?

உருண்டை_பூமி: இல்லை. நூலுக்குக் காற்று கிடையாது. பின்காற்று கிடைக்குமானால் தூரம் கூடினாலும் பசிபிக் வழியே போவதுதான் லாபம்.

தேக்கா_மணி: மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். நவம்பர் 14 இரவு. நேரடி. ஜே.எஃப்.கே.

ஜெர்சி_அக்கா: இதைத்தான் முதலிலேயே கேட்டேன். நவம்பர் முதல் ஞாயிறோடு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவோம். அப்புறம் வித்தியாசம் 12 இல்லை, 13. ஆக 18 மணி 55 நிமிடம். வாத்தியாருக்கு ஒரு மணி நேரம் உதைக்கிறது.

கணக்கு_வாத்தியார்: தேதி சொல்லாதது என் தப்பா? கொடுத்ததை வைத்துத்தான் போட முடியும்.

ஜெர்சி_அக்கா: சரி சரி. மணி, அம்மா கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே விட்டுவிடச் சொல்லுங்கள். இரவு 8 மணி வேளையை வீட்டிலேயே போட்டுவிடலாம். அடுத்த காலை 8 வானத்தில். அதற்கடுத்த இரவு 8 என்பது இங்கே காலை 7, அதற்குள் இறங்கி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும், இமிக்ரேஷன் வரிசையில் நின்றாலும் நிற்பார். ஆக வழியில் இரண்டு வேளை. தாமதமானால் என்ன செய்வது, நாலைந்து நாளுக்குச் சேர்த்துக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். இங்கே வந்தபின் நேரத்தை எப்படி மாற்றுவது என்று அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேக்கா_மணி: டாக்டரிடம் பேசிவிட்டேன், சரி என்றார். நன்றி அக்கா.

ஜன்னலோரம்: எல்லாம் சரி. அந்த பஸ்ஸுக்கு மேல்கூரை இல்லை என்றால்?