பிரஷர் மெஷின் வீட்டுக்கு வந்த பிறகு

சென்ற ஆண்டு முழங்கால் வலிக்காக மருத்துவரிடம் சென்றபோது என் இரத்த அழுத்தம் 152/94 என்று இருந்தது. மருத்துவமனைக்குள் நுழைந்தாலே சிலருக்கு அழுத்தம் கூடிவிடும் என்பதால், மாத்திரை எழுதுவதற்கு முன் ஒரு வாரம் வீட்டிலேயே அளந்து குறித்து வருமாறு அவர் கூறினார். அன்று மாலையே மெஷின் வாங்கிவிட்டேன். எப்படி அளப்பது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்போடு அளந்தேன். காபி குடித்த கையோடு அளந்தேன். தொலைபேசியில் தம்பியோடு வாக்குவாதம் செய்துவிட்டும் அளந்தேன். மூன்றாம் நாள் இரவு 2 மணிக்கு, மோட்டார் சத்தத்தில் மனைவி விழித்துவிடக் கூடாதே என்று மெஷினைக் குளியலறைக்குள் எடுத்துச் சென்று, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து அளந்தபோது 158 வந்தது. பட்டை மறுபடி கையை இறுக்கத் தொடங்கியதுமே நெஞ்சு படபடக்க, அடுத்தது 164, அதற்கடுத்தது 171. அச்சத்தில் இதயம் விரைந்து துடித்து இரத்தக் குழாய்கள் சுருங்கினால் அழுத்தம் ஏறத்தான் செய்யும் என்று அந்த வேளையில் எனக்கு யார் சொல்வது?

மறுநாள் செவிலியர் ஒருவர், அந்தப் பட்டை என் கைக்குச் சிறியது என்றும், சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்றும் சொல்லி, முறையையும் எழுதிக் கொடுத்தார். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, 5 நிமிடம் பேசாமல் அமர்ந்த பின், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளக்க வேண்டும். அதுவும் காலையிலும் மாலையிலும் மட்டுமே. 7 நாள் அளந்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியைப் பார்க்க வேண்டும். மனைவி திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக் குறித்துக்கொண்டார்; வாரம் முடியும்வரை என்னிடம் காட்டவில்லை. சராசரி 131/83 வந்தது. வீட்டு அளவீட்டுக்கு வரம்பு 135/85. இப்போது மருத்துவர் சொல்லும் வாரத்தில் மட்டும் மெஷின் பீரோவிலிருந்து இறங்குகிறது.

மறுமொழி 1

பீரோவில் வைத்துவிடும் வசதி இன்சுலின் போடும் எனக்கு இல்லை. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் உடனே தெரிந்தாக வேண்டும். ஆனால் வீண் பதற்றத்தை நானும் பட்டிருக்கிறேன். மாம்பழம் நறுக்கிய கையைச் சரியாகக் கழுவாமல் விரலில் குத்தி 290 என்று கண்டு, கூடுதலாக ஊசி போடப் போன என்னை மகள் தடுத்து, சோப்புப் போட்டுக் கழுவ வைத்து மறுபடி பார்த்தபோது 142 இருந்தது. அடுத்தடுத்துக் குத்தி 148, 161 என்று வந்தாலும் மெஷின் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். குளுக்கோமீட்டருக்கான பன்னாட்டுத் தரமே 100-க்கு மேற்பட்ட அளவில் 15 விழுக்காடு வரை கூடவோ குறையவோ காட்டுவதை ஏற்கிறது. உணவுக்கு முன்பும், படுக்கப் போகும் முன்பும், வியர்வையோ நடுக்கமோ தலைசுற்றலோ வந்தாலும் பார்ப்பேன். மற்ற நேரங்களில் ஸ்ட்ரிப் டப்பாவைத் தொடுவதில்லை.

மறுமொழி 2

என் தந்தையாருக்கு 71 வயது. கைக்கடிகாரம் 9,400 அடிகள் என்று காட்டினால், மீதி 600-ஐ முடிக்காமல் படுக்க மாட்டார். இரவு 11 மணிக்குக் கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடப்பார். 10,000 என்பது மருத்துவர்கள் வகுத்த கணக்கன்று, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவிய எண் என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் இலக்கை 8,000 என்று மாற்றிவிட்டு, இப்போது இரவு 10 மணிக்கே நடந்து முடித்துவிடுகிறார்.