அது தார்ப்பாயா, நீச்சல்குளமா?

உப்புக்காற்று (21 ஏப்ரல் 2018):
'பன்னிரண்டாம் தளம்' ஐயா தன் கரீபியன் பயணக் குறிப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறார், படித்ததிலிருந்து மனசே ஆறவில்லை. அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் தாமஸ் முழுக்க மீண்டுவிட்டதாம். கப்பல் பால்கனியில் உட்கார்ந்து தீவு முழுவதையும் பார்த்தாராம், சூறாவளி அடித்த சுவடே இல்லையாம். நானும் அதே பிப்ரவரியில், கப்பல்கள் நிற்கும் அதே ஹேவன்சைட் துறையில் இறங்கியவன்தான். போன செப்டம்பர் 6 அன்று இர்மா ஐந்தாம் வகைச் சூறாவளியாக அந்தத் தீவை மிதித்துக்கொண்டு போனது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மரியா வந்து பக்கத்தில் இருக்கும் செயின்ட் குரோய் தீவைப் புரட்டிப் போட்டுவிட்டு இங்கேயும் மழையைக் கொட்டியது. தீவின் தலைநகர் சார்லட் அமாலி சிவப்புக் கூரைக்குப் பேர்போன ஊர். அந்தச் சிவப்புக்கு நடுவே நீலம் நீலமாகத் தெரிந்ததே, அது என்ன? தார்ப்பாய். கூரை பறந்துபோன வீடு ஒவ்வொன்றும். பதினேழு வரை எண்ணினேன், அதற்குமேல் எண்ணப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டாம் தளம்:
என் பெயரை இழுக்காமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்குப் போயிருப்பேன். 23 தடவை கப்பல் ஏறியவன் நான், எனக்குக் கண் நன்றாகவே தெரியும். நீலமாகத் தெரிவதெல்லாம் தார்ப்பாய் என்றால் கடலும் தார்ப்பாய்தான். அந்த மலைச்சரிவில் வசதியான வீடுகள் நிறைய. நீங்கள் எண்ணியது நீச்சல்குளம். பதினேழு நீச்சல்குளம். வாழ்த்துகள்.

உப்புக்காற்று:
இரண்டு பக்கமும் சரிந்து, நடுவில் முகடு வைத்த நீச்சல்குளத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. 23 தடவை போனவர் பார்த்திருக்கலாம்.

கரையேறி:
சண்டைக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். மீண்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் இரண்டு பேரும்? துறை திறந்ததை வைத்தா? அப்படியென்றால் நவம்பரிலேயே கப்பல் வர ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியை வைத்தா? அந்தத் தீவின் ஆஸ்பத்திரியே சேதமாகி நோயாளிகளை வெளியே அனுப்பினார்கள். மின்சாரமா, பள்ளிக்கூடமா, விடுதியா? ஆளுக்கு ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு பேசினால் விடியும் வரை பேசலாம்.

உப்புக்காற்று:
அக்கா, அதெல்லாம் அப்புறம். முதலில் அவர் ஒரே ஒரு பதில் சொல்லட்டும், தார்ப்பாயா இல்லையா.

ஏன் கூரையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்று நினைக்கிறீர்களா? அந்தத் தீவில் கூரை வெயிலுக்கும் மழைக்கும் மறைப்பு மட்டும் இல்லை, குடிதண்ணீரே அங்கிருந்துதான். ஆறு கிடையாது, அதனால் கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாக வீட்டுக்கு அடியில் உள்ள தொட்டியில் இறக்குகிறார்கள். வீடு கட்டினால் தொட்டியும் கட்ட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கூரை போனால் தண்ணீரும் போச்சு. கப்பலில் குழாயைத் திறந்தால் வருகிறவர்களுக்கு இது எப்படித் தெரியும். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை நீலத் தாளை இழுத்து ஆணியடித்துக் கொடுத்தது, 'நீலக் கூரைத் திட்டம்' என்றே அதற்குப் பெயர். அது தற்காலிக ஏற்பாடு. மரியா அடித்த பக்கத்துத் தீவு புவேர்ட்டோ ரிக்கோவில் மட்டும் கிட்டத்தட்ட 60,000 வீட்டுக்குப் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் 60,000 நீச்சல்குளமா?

பன்னிரண்டாம் தளம்:
நான் செயின்ட் தாமஸைப் பற்றி எழுதினேன், நீங்கள் புவேர்ட்டோ ரிக்கோவுக்குத் தாவுகிறீர்கள். கையில் சரக்கு இல்லை என்றால் இப்படித்தான். என்னை ஏற்றிப்போன சஃபாரி வண்டிக்காரர், அதுதான் பின்னால் திறந்தபடி பெஞ்சு போட்ட வண்டி, அவர் வாயாலேயே சொன்னார்: "வாருங்கள், எல்லாரையும் வரச்சொல்லுங்கள்." உங்களைப் போன்றவர்கள் தார்ப்பாய் தார்ப்பாய் என்று எழுதுவதைப் படித்து நாலு பேர் பயணத்தை ரத்து செய்தால் நஷ்டம் உங்களுக்கா, அவருக்கா?

உப்புக்காற்று:
போகாதீர்கள் என்று நான் எங்கே சொன்னேன், வரியைக் காட்டுங்கள். நானே போய்வந்தவன். போங்கள், செலவழியுங்கள், ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள் என்கிறேன். வண்டிக்காரர் வாருங்கள் என்றார், சரி. மீண்டுவிட்டோம் என்றாரா? அவர் வீட்டுக்குக் கூரை இருக்கிறதா என்று கேட்டீர்களா?

நங்கூரம்:
எனக்கு வேறு கதை. பயணச்சீட்டில் நான்கு தீவு போட்டிருந்தது, புறப்படுவதற்கு ஒன்பது நாள் முன்னால் இரண்டை எடுத்துவிட்டுக் கடலிலேயே ஒரு நாளும், கப்பல் நிறுவனத்தின் சொந்தத் தீவில் ஒரு நாளும் என்று மாற்றிவிட்டார்கள். கேட்டால் துறைமுக வரியை மட்டும் திருப்பித் தருவார்களாம். மீண்டதோ மீளவில்லையோ, காசைக் கொடு.

கணக்கப்பிள்ளை:
ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? எந்தத் துறையையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று எல்லாக் கப்பல் நிறுவனமும் எழுதி வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு அழக்கூடாது.

நங்கூரம்:
நீங்கள் என்ன அந்த நிறுவனத்தின் வக்கீலா? போன வருஷம் அறை எண் விஷயத்திலும் இதே மாதிரிதான் குறுக்கே விழுந்தீர்கள், நான் மறக்கவில்லை.

கணக்கப்பிள்ளை:
அறை எண் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று கடைசியில் தெரிந்ததே, அதை மட்டும் மறந்துவிட்டீர்கள். இன்னொன்று. கப்பல்காரனை எல்லாரும் திட்டுகிறீர்கள், போன செப்டம்பர் கடைசியில் ராயல் கரீபியன் ஒரு பயணத்தையே ரத்து செய்துவிட்டு 'அட்வென்ச்சர் ஆஃப் தி சீஸ்' கப்பலை புவேர்ட்டோ ரிக்கோ தலைநகர் சான் வானுக்கு அனுப்பி, சூறாவளியில் சிக்கிய 3,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு ஃபுளோரிடாவில் இறக்கியது. அதை யாரும் பேசமாட்டீர்கள்.

உப்புக்காற்று:
நல்லது செய்தார்கள், யார் இல்லை என்றது. தார்ப்பாய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கரையேறி:
தீவுக்குத் தீவு கதை வேறு, அதையாவது பாருங்கள். டொமினிக்கா என்ற தீவு நாட்டில் செப்டம்பர் 18 ராத்திரி மரியா இறங்கியபோது பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் தன் வீட்டுக் கூரையே போய்விட்டது என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். சேதமும் இழப்பும் சேர்த்து அந்த நாட்டின் ஒரு வருஷ உற்பத்தியைப்போல் 226 சதவீதம். அதே சமயம் ஆன்டிகுவாவுக்குப் பெரிய அடி இல்லை, ஆனால் இர்மா அடித்ததில் கூடப்பிறந்த தீவான பர்புடாவிலிருந்து சனங்கள் மொத்தத்தையும் வெளியேற்ற வேண்டி வந்தது. ஒரே கொடி, ஒரே அரசாங்கம். 'கரீபியன் திறந்தாச்சு' என்றோ 'கரீபியன் போச்சு' என்றோ ஒரே வரியில் சொன்னால் இரண்டுமே தப்பு.

பன்னிரண்டாம் தளம்:
பார்த்தீர்களா, அக்காவும் என் பக்கம்தான்.

கரையேறி:
நான் யார் பக்கமும் இல்லை.

உப்புக்காற்று:
பிரதமர் வீட்டுக்கே கூரை போயிருக்கிறது. கேட்டுக்கொள்ளுங்கள். கூரை, ஐயா, கூரை.

பன்னிரண்டாம் தளம்:
அது டொமினிக்கா. நாம் பேசுவது செயின்ட் தாமஸ். நீங்கள் கப்பலை விட்டு எவ்வளவு தூரம் போனீர்கள்? நான் ஊருக்குள் இருக்கும் '99 படிகள்' என்ற படிக்கட்டில் ஏறி மேலே நின்று பார்த்தவன், அங்கிருந்து துறைமுகமே கையகலம்தான்.

உப்புக்காற்று:
பிடிபட்டார்! பால்கனியில் உட்கார்ந்து பார்த்ததாகக் குறிப்பில் இருக்கிறது, இப்போது படியேறிவிட்டார். அந்தப் படி 99 இல்லை, 103. பெயர்தான் 99. ஏறினவனுக்கு எண்ணிக்கை தெரியும். 103 படியையே எண்ணாதவர் என் பதினேழை நீச்சல்குளம் என்கிறார்.

பன்னிரண்டாம் தளம்:
படியை எண்ணிக்கொண்டே ஏறுகிறவன் ஊரை எப்படிப் பார்ப்பான்?

உப்புக்காற்று:
சரி, துறைமுக வாயிலில் நுழையும்போதே குன்றின்மேல் அவ்வளவு பெரிய ஃப்ரெஞ்ச்மேன்ஸ் ரீஃப் விடுதி மூடிக் கிடந்ததே, அதைப் பார்த்தீர்களா? ஹேவன்சைட்டுக்கு நேர்மேலே கம்பிவடத் தொட்டில் (கேபிள் கார்) ஓடவில்லையே, அது? சுவடே இல்லை என்று எழுதிய கைக்கு இது எதுவும் தெரியவில்லை, பதினேழு நீச்சல்குளம் மட்டும் தெரிகிறது.

புதுமாலுமி:
வணக்கம், நான் புதுசு. ஜூனில் சான் வானிலிருந்து கிளம்பும் கப்பலில் பதிவு செய்யலாம் என்று இருக்கிறேன். போகலாமா?

கணக்கப்பிள்ளை:
தாராளமாக. அக்டோபரிலிருந்தே கப்பல் அங்கிருந்து கிளம்புகிறது. ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம், ஆனால் உக்கிரம் செப்டம்பரில்தான். எல்லாரும் பயமுறுத்துகிறார்கள், புவேர்ட்டோ ரிக்கோவில் மரியாவால் இறந்தவர்கள் அரசாங்கக் கணக்குப்படி 64 பேர், அவ்வளவுதான்.

கரையேறி:
'அவ்வளவுதான்' என்று எப்படி எழுத வருகிறது உங்களுக்கு? மூன்று நாள் முன்னால்தான் அந்தத் தீவு முழுக்க மின்சாரம் போய் மறுபடி இருண்டது. ஏழு மாசம் கழித்து. மருந்தைக் குளிரில் வைக்க முடியாமலும், டயாலிசிஸ் கிடைக்காமலும் போன உயிர் அந்த 64-இல் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறீர்களா?

கணக்கப்பிள்ளை:
அரசாங்கக் கணக்கைச் சொன்னேன். கணக்கு கணக்குதான்.

நங்கூரம்:
துறைமுக வரி இன்னும் வரவில்லை, சும்மா தகவலுக்கு.

கரையேறி (2 செப்டம்பர் 2018):
பழைய பேச்சைக் கிளறுவதற்கு மன்னிக்கவும். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு புவேர்ட்டோ ரிக்கோ அரசு தன் கணக்கை மாற்றிவிட்டது. 64 இல்லை, 2,975. கணக்கப்பிள்ளை பார்த்தால் நல்லது.

கணக்கப்பிள்ளை:
அது புள்ளியியல் மதிப்பீடு. பெயர்ப்பட்டியல் இல்லை. ஏப்ரலில் நான் சொன்னது ஏப்ரல் கணக்கு.

உப்புக்காற்று:
ஏப்ரலில் நான் சொன்னது தார்ப்பாய். அது இன்றைக்கும் தார்ப்பாய்தான்.

பன்னிரண்டாம் தளம்:
இத்தனை பேர் செத்த செய்திக்குக் கீழேகூடவா? உங்களுக்கு வெட்கமே இல்லையா ஐயா?

உப்புக்காற்று:
சுவடே இல்லை என்று எழுதியவர் வெட்கத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்த வரி உங்கள் குறிப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது, இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

புதுமாலுமி (10 செப்டம்பர் 2019):
போன வருஷம் ஜூனில் போய்வந்தது நன்றாகவே இருந்தது, அப்போது நன்றி சொல்ல மறந்துவிட்டேன். இப்போது பஹாமாஸில் டோரியன் சூறாவளி. டிசம்பரில் அதன் தலைநகர் நாசாவ் போகும் கப்பலில் பதிவு செய்திருக்கிறேன், ரத்து செய்யட்டுமா?

கரையேறி:
வேண்டாம். அடிபட்டது அபாகோ, கிராண்ட் பஹாமா என்ற வடக்குத் தீவுகள், கிராண்ட் பஹாமாமேல் ஒரு நாளுக்கு மேல் கிட்டத்தட்ட நகராமல் நின்று அடித்தது. நாசாவ் இருப்பது நியூ பிராவிடன்ஸ் தீவில், அது தப்பித்தது. போய்ச் செலவு செய்தால் அந்த நாட்டுக்கே உதவி.

பன்னிரண்டாம் தளம்:
நான் இரண்டு வருஷமாகச் சொல்வது இதைத்தான்.

உப்புக்காற்று:
நீங்கள் இரண்டு வருஷமாகச் சொல்வது நீச்சல்குளம். தம்பி, நாசாவ் போங்கள், படம் எடுங்கள், கூரை தெரிகிற மாதிரி எடுங்கள். இவருக்கு அனுப்ப வேண்டும்.

நங்கூரம்:
வரி வந்துவிட்டது. பாதிதான்.