‘மாடி வீடு’ குழுவில் ‘மைதான்’ பார்த்த ஞாயிறு

ஞாயிறு, காலை 9.40

கார்த்தி: நேற்று ராத்திரி ப்ரைமில் ‘மைதான்’ பார்த்தேன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கால்பந்தில் தங்கம் வாங்கிக்கொடுத்த கோச் ரஹீம் சாப் கதை. அஜய் தேவ்கன் நடித்தது, மூன்று மணி நேரம். ரிசல்ட் தெரிந்தும் கடைசி ஆட்டத்தில் உள்ளங்கை வேர்த்துவிட்டது. பெரியப்பா, நீங்கள் கண்டிப்பாகப் பார்க்கணும்.

அத்தை: கால்பந்தில் நமக்குத் தங்கமா? எப்போதடா?

கார்த்தி: இரண்டு தடவை அத்தை. 1951இல் டெல்லியில் ஒன்று, 62இல் ஒன்று. இரண்டுக்கும் இவர்தான் கோச். அதற்கப்புறம் இன்றுவரை கிடையாது.

சித்தி: நான் 2024 ஏப்ரலில் தியேட்டரிலேயே பார்த்தேன். ரஹ்மான் மியூசிக் என்றுதான் போனேன். கூட்டமே இல்லை, ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டு பார்த்தோம். அவர் மனைவியாக வருவது நம்ம ‘பருத்திவீரன்’ முத்தழகு.

அத்தை: பிரியாமணியா? அப்ப பார்த்துவிடுகிறேன். இந்தி புரியுமா?

சித்தப்பா: சப்டைட்டில் இருக்கிறது அக்கா. ஆனால் அந்த மனிதர் படம் முழுக்க ஊதித் தள்ளுகிறார். புகை பிடித்தல் தீங்கானது என்ற எழுத்து ஹீரோவுக்குச் சமமாக நடித்திருக்கிறது.

அத்தை: நம்ம அப்பா மாதிரியே.

அப்பா: அதை விடு.

சித்தப்பா: 2019இல் தொடங்கிய படம் தெரியுமா? இடையில் கொரோனா. மைதானத்துக்குப் போட்ட செட்டை 2021இல் டவ்தே புயல் நாசமாக்கியது. ரஹீமுக்கு இருந்த சோதனை தயாரிப்பாளருக்கும் இருந்திருக்கிறது.

பெரியப்பா: பார்க்கவில்லை. பார்க்கப் போவதும் இல்லை. கடைசி நிமிடம், ஸ்லோ மோஷன், அழுகிற தாய்மார்கள். முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவனுக்கு அதெல்லாம் எதற்கு?

திவ்யா: ஆதி பாதி பார்த்துவிட்டான். ‘தாத்தா, ஏன் வெறுங்காலில் ஆடினார்கள்’ என்று கேட்கிறான். அப்பா இப்போது ஏழு நிமிட வாய்ஸ் நோட் போடப் போகிறார். யாரும் கேட்க மாட்டீர்கள். நானே சுருக்கி எழுதிவிடுகிறேன்.

திவ்யா: 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 தோற்றார்கள். அந்தக் குளிரிலும் நம் ஆட்களில் பலர் வெறுங்கால். அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் ஆனது. நான்கே வருடத்தில், 1956 மெல்பர்னில், அதே ரஹீம் அரையிறுதி வரை கொண்டுபோனார். ஒலிம்பிக் கால்பந்தில் அதுவரை எந்த ஆசிய நாடும் அவ்வளவு தூரம் போனதில்லை. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசோசா மூன்று கோல். மீதி நாலரை நிமிடம், ரஹீமும் பள்ளிக்கூட வாத்தியார்தான் என்பது பற்றி.

கார்த்தி: அதைத்தான் சொல்ல வந்தேன். உங்கள் ஜாதி பெரியப்பா.

பெரியப்பா: அவர் எங்கே, நான் எங்கே. ஐதராபாத் சிட்டி போலீஸ் டீமை வைத்து 1950 முதல் 54 வரை பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து தடவை ஜெயித்தவர். நான் வட்டாரப் போட்டியில் ஒரே ஒரு ஷீல்டு. அதிலும் கைப்பிடி உடைந்திருந்தது.

மாலை 4.15

திவ்யா: பார்க்க மாட்டேன் என்றவர் சாப்பிட்டதும் டிவி முன்னால் உட்கார்ந்தார். காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. ஜகார்த்தா வந்ததிலிருந்து நிறுத்தி நிறுத்திப் பின்னால் போய்ப் பார்க்கிறார்.

அத்தை: அண்ணா அழுதாரா?

திவ்யா: கண்ணாடியைத் துடைத்தார்.

பெரியப்பா: கண்ணாடியில் தூசி.

பெரியப்பா: சரி, பார்த்துவிட்டேன். தேவ்கன் நிதானமாக நடித்திருக்கிறார், குறையில்லை. சங்கத்து ஆட்களும் அந்தப் பத்திரிகைக்காரனும் சதி செய்வதற்குத்தான் இவ்வளவு நேரமா? கமிட்டியில் கெட்டவன் எந்த ஊரில் இல்லை? ரஹீம் என்ன செய்தார் என்பதற்குள் இன்னும் போயிருக்கலாம்.

அப்பா: சினிமா என்றால் வில்லன் வேண்டாமா அண்ணா? பாஸ் போடுவதையே மூன்று மணி நேரம் யார் பார்ப்பார்கள்?

பெரியப்பா: நீ எந்த நாளில் பந்தைத் தொட்டாய்? கேள். முதல் ஆட்டத்தில் கொரியாவிடம் 0-2 தோல்வி. அடுத்து தாய்லாந்தை ஜெயித்தோம், ஆனால் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல். அவர் ஸ்டாப்பர் பேக், நம் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுப்பவர். அந்த இடத்தில் இருந்தால் வருகிற ஒவ்வொரு உயரப் பந்தையும் தலையால்தான் அடிக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அவரை வெளியே உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரைக் கொண்டுபோய் சென்டர் பார்வர்டில், கோல் போடுகிற இடத்தில், நிறுத்தினார். அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக அவர் ஒரு கோல், சுனி கோஸ்வாமி இரண்டு. 3-2.

பெரியப்பா: இறுதியில் மறுபடியும் அதே கொரியா. கோலில், அதற்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பர்மனை எடுத்துவிட்டு, காய்ச்சலில் படுத்திருந்த தங்கராஜ். பி.கே. பானர்ஜி ஒன்று, மூன்று நிமிடம் கழித்து அதே ஜர்னைல் ஒன்று. கடைசியில் கொரியா ஒன்று போட்டது. 2-1. இரண்டு இட மாற்றம், இரண்டும் பலித்தது. ஒன்று பிசகியிருந்தால் அந்த மனிதரைத் தின்றிருப்பார்கள்.

சித்தி: அரங்கம் முழுக்க நம்மை எதிர்த்துக் கத்துகிறதே, அது நிஜமா அண்ணா?

பெரியப்பா: நிஜம்தான் அம்மா. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா கொடுக்கவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக் கூடாது என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் இருந்த நம் சோந்தி பேசிவிட்டார். ஜனங்கள் இந்தியத் தூதரகத்தையே தாக்கினார்கள். பாகிஸ்தான் ஹாக்கி டீம்தான் நமக்குக் கைதட்டியது என்று ஆடியவர்களே பின்னாளில் சொன்னார்கள்.

அப்பா: அடுத்த வருடம் ஜூனிலேயே மனிதர் போய்விட்டார். 53 வயதுதான் இருக்கும்.

அத்தை: நம்ம அப்பாவுக்கு 56.

அப்பா: ம்.

சித்தப்பா: அண்ணா, நீங்கள் கோச்சாக இருந்தபோது யாரையாவது அப்படி இடம் மாற்றியிருக்கிறீர்களா?

பெரியப்பா: ஒரு தடவை. கோல்கீப்பர் பையனை வலது விங்கில் போட்டேன். அவன் பந்தைக் கையால் பிடித்துவிட்டான்.

கார்த்தி: 😂😂

பெரியப்பா: ஆனால் ரஹீமிடமிருந்து ஒன்று எடுத்துக்கொண்டேன். அவர் பையன்களுக்குத் தனிப் போட்டி வைப்பார். பலமில்லாத காலால் மட்டும்தான் உதைக்கலாம். நானும் செவ்வாய்க்கிழமைகளில் அதைச் செய்தேன். முதல் இரண்டு வாரம் எல்லாப் பந்தும் பக்கத்துச் சோளக் காட்டுக்குப் போகும். காட்டுக்காரர் ஹெட்மாஸ்டரிடம் வந்து நிற்பார். மூன்றாம் மாதம் பையன்களுக்கு எது சோற்றுக் கால், எது பீச்சாங் கால் என்றே மறந்துவிடும்.

அத்தை: அண்ணா, இதெல்லாம் எங்களிடம் சொன்னதே இல்லையே.

பெரியப்பா: நீங்கள் யார் கேட்டீர்கள்?

இரவு 8.05

திவ்யா: அப்பா, ஆதியிடம் இடது கால் கதையைச் சொன்னீர்களா? ஹாலில் பந்து வைத்திருக்கிறான். ஊறுகாய் ஜாடி போய்விட்டது.

சித்தப்பா: எந்த ஜாடி? அக்கா அனுப்பிய ஆவக்காயா?

திவ்யா: அதேதான்.

அத்தை: அய்யோ, அது ஒரு கிலோடி!

பெரியப்பா: எந்தக் காலால் உதைத்தான்?

திவ்யா: அப்பா!

பெரியப்பா: கேட்டுச் சொல்லம்மா.

திவ்யா: இடது.

பெரியப்பா: நாளைக்குக் காலை ஐந்தரைக்கு கிரவுண்டுக்கு வரச் சொல். ஷூவைக் கழுவி வைக்க வேண்டாம், அப்படியே வரட்டும்.