லவுற்றர்புறுன்னன் பள்ளத்தாக்கு: முழங்கால் நோவுள்ள அம்மாவோட எந்த மலைப்பாதை?

கோண்டாவில்_ரூபி:
வணக்கம். யூலை இரண்டாம் கிழமை சுவிஸில, பேர்னில இருக்கிற சித்தி வீட்டை போறம். அதில நாலு நாள் லவுற்றர்புறுன்னன், கிறிண்டல்வால்ட் பக்கம் நடக்கிற எண்ணம். ஆக்கள்: அம்மா (59, வலது முழங்கால் தேய்மானம், சமதரையில ஒண்டரை மணித்தியாலம் நடப்பா), நான், தம்பி (23). சித்தியும் வருவா. அப்பில தூரத்தை வைச்சு அடுக்கினன்: மென்லிக்கன்–கிளைன ஷைடெக் 4.4 கி.மீ., ஐகர் ட்ரெயில் 6, நோர்த்பேஸ் ட்ரெயில் 7, ஷீனிகெ பிளாற்ற–ஃபிர்ஸ்ட் 16.
ஐகர் ட்ரெயில் முழுக்க இறக்கம், வெறும் 2 மணித்தியாலம் எண்டு கிடக்கு. அம்மாவுக்கு லேசு எண்டு நினைச்சன், சித்தி கண்டிப்பா வேண்டாம் எண்டுறா. ஏன்? தம்பி மூறனில இருந்து கிம்மல்வால்டுக்குப் போற வியா ஃபெறாற்றா (பாறையில இரும்புப் படியும் கொழுவிப் பிடிக்கக் கம்பியும் பூட்டின பாதை) செய்யவேணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான். எல்லாரும் சிவனொளிபாதமலை ஏறின ஆக்கள். அம்மா ஏறினது முழங்கால் பழுதாக முதல்.

ஏழாலை_அண்ணை:
சித்தி சொன்னது சரி, தங்கச்சி. தூரத்தை வைச்சு அடுக்கினதுதான் பிழை. முழங்கால் நோவுக்கு ஏற்றம் எதிரியில்லை, இறக்கம்தான் எதிரி. ஐகர் ட்ரெயில் ஐகர்கிளெச்சரில 2,320 மீற்றரில தொடங்கி அல்பிக்லனில 1,616 இல முடியுது. 700 மீற்றர் இறக்கம், அதில கனக்க இடம் பொடிக்கல். சிவனொளிபாதமலையில படி இருக்கு, அடுத்த அடி எங்க விழும் எண்டு தெரியும். இங்க ஒவ்வொரு அடியும் சறுக்கப் பாக்கும், முழங்கால்தான் பிறேக் பிடிக்கவேணும். யூன் கடைசி வரைக்கும் ஓடைகளில பழைய பனியும் கிடக்கும். ஐகர் மலையின்ர செங்குத்துச் சுவரில இருந்து கல்லும் உருளும், ஓடை வாற இடத்தில நிண்டு படம் எடுக்கக்கூடாது.

நேரத்தை நீங்களே கணக்குப் போடலாம். மணித்தியாலத்துக்குத் தூரம் 4 கி.மீ., ஏற்றம் 300 மீற்றர், இறக்கம் 500 மீற்றர். தூரத்துக்கான நேரம் ஒண்டு, ஏற்ற இறக்கத்துக்கான நேரம் ஒண்டு. இரண்டில கூடினதை முழுசா எடுத்து, குறைஞ்சதின்ர பாதியைச் சேருங்கோ. ஐகர் ட்ரெயில்: 6÷4 = 1.5, 700÷500 = 1.4. ஆக 1.5 + 0.7 = 2.2 மணித்தியாலம். பலகையில இருக்கிற நேரமும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அது நிக்காமல் நடக்கிற ஆளின்ர நேரம். அம்மாவுக்கு ஒண்டரை மடங்கு வையுங்கோ.
மென்லிக்கன் (2,230) – கிளைன ஷைடெக் (2,061): இறக்கம் 170 மட்டும், அகலமான சரளைப் பாதை, 1.3 மணித்தியாலம். மென்லிக்கனில இருந்துதான் தொடங்கவேணும், மறுபக்கம் போனா அந்த 170 ஏற்றமாகும்.

வேலணை_வரைபடம்:
அண்ணை விட்ட ஒண்டு: பாதையின்ர நிறம். மஞ்சள் பலகை மட்டும் எண்டா சாதாரண நடைபாதை. வெள்ளை-சிவப்பு-வெள்ளை எண்டா மலைப்பாதை, செங்குத்து, ஒடுக்கம், சில இடத்தில விளிம்பு. வெள்ளை-நீலம்-வெள்ளை எண்டா கயிறு, பனி, கையால பிடிச்சு ஏறுறது, அந்தப் பக்கமே பாக்க வேண்டாம். சுவிஸ் அல்பைன் கழகத்தின்ர தரத்தில முதலாவது T1, இரண்டாவது T2–T3, மூன்றாவது T4 இல இருந்து T6. சுவிஸ்ரோப்போ எண்ட வரைபட அப்பில பாதையைக் கீறினா உயரக் கோடு வரும், தூரத்தை விட்டிட்டு அந்தக் கோட்டைப் பாருங்கோ.

அம்மாவுக்கு மென்லிக்கனை விட நல்லது ஒண்டு இருக்கு: குறுச்சல்ப் (1,486) – வின்ரறெக் – மூறன் (1,638). லவுற்றர்புறுன்னனில கேபிள் காரில குறுச்சல்ப், அங்க இருந்து ரெயில்பாதைக்குப் பக்கத்திலயே நடை. 150 மீற்றர் ஏற்றம், ஒண்டரை மணித்தியாலத்துக்குள்ள. முழங்கால் முறுகினா நடுவில வின்ரறெக்கில சின்ன ரெயிலில ஏறலாம். மென்லிக்கன் பாதையில நடுவில இறங்க வழி இல்லை, முன்னுக்கு அல்லது பின்னுக்குத்தான். முதல் நாள் இதில அம்மாவின்ர காலைப் பரீட்சை பண்ணிப் பாத்திட்டு மென்லிக்கனை முடிவெடுங்கோ.

சுன்னாகம்_சுதா:
நோர்த்பேஸ் ட்ரெயிலை ஒருத்தரும் தொடேல்லை. அது தொடங்குற அல்மென்ட்ஹூபல் (1,907) வரைக்கும் ரெயில் கொண்டுபோய் விடும், பூக்காலத்தில அதைப்போல வடிவான பாதை இல்லை. அம்மாவும் போகலாம்தானே?

ஏழாலை_அண்ணை:
வடிவுதான் சுதா. ஆனால் ஷில்ற்றல்ப் தாண்டினாப் பிறகு ஒரு செங்குத்து இறக்கம் வரும், மழை பெய்தா சேறு. அல்மென்ட்ஹூபலில புல்வெளி மட்டும் சுத்திப் பாத்திட்டு அதே ரெயிலில இறங்கினா அம்மாவுக்குப் போதும்.

கோண்டாவில்_ரூபி:
கணக்குப் போட்டுப் பாத்தன், ஷீனிகெ பிளாற்ற எனக்கே பயமாக்கிடக்கு. இரண்டு கேள்வி. ஐகர் ட்ரெயிலைத் தலைகீழா, அல்பிக்லனில இருந்து ஏறினா நானும் தம்பியும் செய்யலாமோ? சித்தப்பாவின்ர பழைய மலைச் சப்பாத்து அலுமாரியில இருக்காம், தம்பிக்கு அளவு சரி. அது காணுமோ?

ஏழாலை_அண்ணை:
ஏறலாம், அதுதான் புத்தி. 700÷300 = 2.3, அதோட தூரத்தின்ர பாதி 0.75, மொத்தம் மூண்டு மணித்தியாலம் சொச்சம். ஒரே நாளில இரண்டு கூட்டமாப் பிரியுங்கோ. நீங்கள் இரண்டு பேரும் கிறிண்டல்வால்டில இருக்கிற கிறுண்ட் நிலையத்தில இருந்து ரெயிலில அல்பிக்லன் போய் ஏறுங்கோ. அம்மாவும் சித்தியும் கேபிள் காரில மென்லிக்கன் போய் ஆறுதலா நடந்து கிளைன ஷைடெக் வரட்டும். ஐகர்கிளெச்சரில இருந்து உங்களுக்கு ஒரு ரெயில் நிறுத்தம்தான். காலமை வெள்ளெனத் தொடங்குங்கோ, யூலையில இடிமுகில் பின்னேரம்தான் கட்டும்.

வேலணை_வரைபடம்:
சப்பாத்து: வருசக்கணக்கா அலுமாரியில கிடந்தா நம்பாதேங்கோ. அடித்தோலுக்கும் காலுக்கும் நடுவில இருக்கிற பொலியூறித்தேன் எண்ட பிளாஸ்ரிக் நுரை ஈரப்பதத்தில மெல்ல உக்கும், வெளியில புதுசு போலத்தான் இருக்கும். மலையில பாதி வழியில அடி முழுசாக் கழண்டு வரும். பெருவிரலால அந்தப் பகுதியை அமத்திப் பாருங்கோ, பொடி உதிர்ந்தா அல்லது வெடிப்புத் தெரிஞ்சா எறியுங்கோ. புதுசு எண்டா பெருவிரலுக்கு முன்னால ஒரு விரல் அகலம் இடம் விட்டு வாங்குங்கோ, இல்லாட்டி இறக்கத்தில நகம் கறுக்கும்.
பயிற்சிக்கு யாழ்ப்பாணத்தில மேடு தேடாதேங்கோ. மணற்காட்டு மணலில நடந்தா கெண்டைக்கால் பழகும், தொடை பழகாது. மூண்டு மாடிக் கட்டடம் ஒண்டில படி இறங்குறதுதான் பயிற்சி. கிழமைக்கு மூண்டு நாள், மெதுவா, ஆறு கிழமை. அம்மாவுக்கு இது வேண்டாம், அவவுக்கு இரண்டு மலைக்கோல் காணும். இறக்கத்தில கோலை அஞ்சு சென்ரிமீற்றர் நீட்டிப் பிடிக்கவேணும்.

உடுவில்_கயிறு:
தம்பியின்ர வியா ஃபெறாற்றா பற்றி. மூறனில தொடங்கி கிம்மல்வால்டுக்கு இறங்குற பாதை, நீளம் 2.2 கி.மீ. மேல ஏறிப் பயந்தா திரும்பலாம் எண்டிற கணக்கு இங்க சரிவராது. காலுக்குக் கீழ நூற்றுக்கணக்கான மீற்றர் வெறுமை, செங்குத்துப் பாறையில இரும்புக் கம்பிதான் படி. 80 மீற்றர் தொங்குபாலமும் இருக்கு.
சாதாரண நாண் இரண்டையும் கொழுக்கியையும் கட்டிக்கொண்டு போற ஆக்கள் இருக்கினம், அதுதான் பெரிய ஆபத்து. மூண்டு மீற்றர் சறுக்கி, கம்பியைப் பாறையில பிடிச்சிருக்கிற அடுத்த முளையில ஒரு மீற்றர் நாணில நிண்டா விழுகைக் காரணி (விழுந்த தூரத்தை நாணின்ர நீளத்தால பிரிச்சது) 3. கயிறு போட்டு ஏறுற ஆளுக்கு 2 தான் உச்சம். அந்த அதிர்ச்சியில நாண் அறும். அதிர்ச்சி உறிஞ்சி வைச்ச செற் கட்டாயம், அதில EN 958 எண்ட ஐரோப்பியத் தர எண் அடிச்சிருக்கவேணும். அது 40 இல இருந்து 120 கிலோ வரையான ஆளுக்கு. ஒருக்கா விழுந்த செற் குப்பைக்கு. ஹெல்மெற், இடுப்புப்பட்டி, கையுறை எல்லாம் மூறனில வாடகைக்கு எடுக்கலாம். முளையில மாத்தேக்க ஒரு கொழுக்கி எப்பவும் கம்பியில இருக்கவேணும், இரண்டு முளைக்கு நடுவில ஒரு ஆள்தான். இடிமுகில் தெரிஞ்சா உள்ள இறங்கவே கூடாது, அந்தக் கம்பி முழுக்க மின்னல் கடத்தி. முதல் தரம் எண்டா வழிகாட்டியோட.
பயணக் காப்புறுதியையும் பாருங்கோ. விசாவுக்குக் கேக்கிற 30,000 யூரோ மருத்துவக் காப்பில மலை மீட்பு அடங்கும் எண்டில்லை. ஹெலிகொப்ரர் மீட்பு எண்டு எழுத்தில இருக்கவேணும், வியா ஃபெறாற்றா விலக்குப் பட்டியலில இருக்கோ எண்டும் பாருங்கோ. மீட்புக்கு றேகா (சுவிஸ் விமான மீட்புச் சேவை) 1414, இல்லாட்டி 112.

கோண்டாவில்_ரூபி:
தம்பிக்கு வாசிச்சுக் காட்டினன், வழிகாட்டியோட எண்டா சரியாம். முதல் நாள் குறுச்சல்ப், இரண்டாம் நாள் மென்லிக்கனும் அல்பிக்லனும். மழை எண்டா?

வேலணை_வரைபடம்:
மழை நாளுக்கு குறுச்சல்பை வையுங்கோ, வெளிக்கிற நாளை மென்லிக்கனுக்கு மாத்துங்கோ. காலமை ஆறரைக்கு மென்லிக்கன் வெப்கேமைப் பாத்திட்டு ரெயில் ஏறுங்கோ. பேர்னில இருந்து ஒண்டேகால் மணித்தியாலத்துக்கு மேல எடுக்கும், வந்து முகிலைப் பாத்திட்டுத் திரும்பினா காசும் போகும். சுவிஸ் ஹால்ப் டாக்ஸ் அட்டை எடுத்தா அங்க பெரும்பாலான மலை ரெயிலும் கேபிள் காரும் அரைவிலை. பாதையில சிவப்பில «கெஷ்பெற்» எண்டு கண்டா மூடியிருக்கு, சுத்திப் போகாதேங்கோ. குழாயில «கைன் ட்றிங்க்வாசர்» (குடிதண்ணி இல்லை) எண்டு இல்லாட்டி ஊருக்குள்ள தண்ணி குடிக்கலாம். கடைசிக் கேபிள் கார் நேரத்தைக் காலமையே படம் எடுத்து வையுங்கோ, அம்மாவின்ர போனிலயும்.